வலவனும் வளைவும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கவிஞர்கள் கூடியிருக்கும் அவையில் மோட்டார்ப் பந்தயம் பற்றிய பேச்சு எதற்கு என்ற வினா எழுவது இயல்பே. அதற்கு விடை இந்த ஊரின் மேற்கே ஓங்கி நிற்கிறது. போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் வழியாகப் போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. விடியலுக்கு முன்னரே ஜீப்புகள் அந்த வளைவுகளில் ஏறத் தொடங்கிவிடுகின்றன. ஏலத்தோட்டங்களில் களையெடுக்கவும் காய் எடுக்கவும் செல்லும் பெண்கள், மடியில் சோற்றுத் தூக்கோடு, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து பாதித் தூக்கத்தில் இருப்பார்கள். விழித்திருக்க வேண்டியவன் ஒருவனே. அவன் பார்வை பள்ளத்தில் இல்லை. முன்சக்கரத்தின் அடியிலும் இல்லை. வளைவு முடிந்து சாலை எங்கே மீண்டும் தென்படப் போகிறதோ, அந்த இடத்தில் இருக்கிறது. பள்ளத்தைப் பார்த்தவன் கை பள்ளத்தின் பக்கமே திரும்பும் என்பது மலைச்சாலையில் வண்டி ஓட்டும் எவரும் அறிந்த செய்தி. பந்தயக்களத்திலும் புதிதாக வருபவனுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். கண் போகும் வழியில் கை போகும்.

சங்க இலக்கியம் தேர் செலுத்துபவனை வலவன் என்றும் பாகன் என்றும் அழைக்கிறது. முல்லைத்திணைப் பாடல்களை வேறொரு கோணத்தில் அணுகினால், அவற்றுள் பல காலக்கெடுவின் கவிதைகள் என்பது விளங்கும். கார்காலம் தொடங்குமுன் திரும்பிவிடுவதாகச் சொல்லிச் சென்ற தலைவன், போர்முனையில் தங்கிவிடுகிறான். மழை வந்துவிட்டது, முல்லை அரும்பிவிட்டது. இனி விரைந்து செலுத்துக என்று அவன் பாகனை நோக்கிச் சொல்கிறான். அவனுடைய தவிப்பைப் பாடிய புலவர்கள் பலர். அந்தத் தவிப்பு முழுவதையும் முதுகுக்குப் பின்னால் சுமந்துகொண்டு கடிவாளத்தைப் பிடித்திருந்த பாகன் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. அவன் மனத்தில் என்ன ஓடியது என்பதைப் பாட்டிலிருந்து பெரிதாக அறிய இயலவில்லை. இவ்வுரை அந்தப் பாகனைப் பற்றியது. அவனுடைய இற்றைநாள் வடிவமான பந்தய ஓட்டுநன், சாம்பியன் பட்டம் கைக்கு எட்டும் தொலைவில் இருக்கும்போது தன்மேல் இறங்கும் அழுத்தத்தை எப்படித் தாங்குகிறான் என்பதைப் பற்றியது.

அழுத்தம் என்ற சொல்லையே முதலில் நோக்க வேண்டும். தமிழில் அதற்குப் பல முகங்கள் உண்டு. மேலிருந்து பாரம் இறங்குவது அழுத்தம். உள்ளத்தில் இருப்பதை முகத்தில் காட்டாதவனை ‘அழுத்தக்காரன்’ என்று ஊரார் சொல்கிறார்கள். அதில் கொஞ்சம் குறையும் கொஞ்சம் வியப்பும் கலந்திருக்கும். பிடிவாதக்காரனுக்கு நெஞ்சழுத்தம். தெளிவாகப் பேசுபவனின் பேச்சு அழுத்தந்திருத்தம். பாரத்துக்கும் பாரத்தைத் தாங்குபவனின் குணத்துக்கும் ஒரே சொல்லை இம்மொழி வைத்திருக்கிறது. இது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் பந்தய வீரர்களின் வாழ்க்கையைப் படிக்கும்போது அந்தச் சொல்லின் இரு முனைகளும் அடிக்கடி ஒன்றாகத் தோன்றுகின்றன.

தமிழ்நாட்டிலிருந்து இத்துறையில் வெகுதூரம் சென்றவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன். 1977ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் பிறந்தவர். தந்தையார் ஜி. ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியைப் பன்முறை வென்றவர். ஆகவே வீட்டிலேயே வண்டியின் ஓசை இருந்தது. அந்த நகரத்தில் கரிவரதன் என்ற ஆலை அதிபரும் இருந்தார். மாருதி காரின் சிறிய எஞ்சினைப் பொருத்தி, ஒருவர் மட்டுமே அமரும் பந்தய வண்டியை இந்நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டியவர் அவர். பந்தயம் செல்வந்தர்களின் இறக்குமதிப் பொழுதுபோக்காக மட்டும் இருந்த காலம் அவரால் ஒருவாறு முடிந்தது எனலாம். 1995இல் வான்விபத்தில் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத்தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சென்னைப் பக்கத்திலோ, இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் பல்லாண்டுகள் நடந்துவந்த பந்தயங்கள், 1990இல் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் அமைந்தபின் அங்கே சென்றன. நரேன் அந்த இடமாற்றத்துக்குப் பின் வந்த தலைமுறை. 1992இல் பிரான்சில் உள்ள வின்ஃபீல்ட் பள்ளியில் பயிற்சி. 1993இல் இங்கே ஃபார்முலா மாருதிப் பந்தயங்கள். 1994இல் இங்கிலாந்தில் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரில் பட்டம். ஐரோப்பாவில் சாம்பியன் பட்டம் ஒன்றை வென்ற முதல் இந்தியர் என்ற பெயர் பதினேழு வயதில் அவருக்குக் கிட்டியது. 1996இல் ஃபார்முலா ஆசியா தொடரின் பட்டத்தையும் வென்றார். ஆசியாவின் பெயரைத் தாங்கிய அந்தத் தொடரை ஓர் ஆசியர் வென்றது அதுவே முதன்முறை.

தொடர் என்ற சொல் இங்கே முக்கியமானது. ஒரு பந்தயத்தை வெல்வது வேறு. ஒரு தொடரை வெல்வது வேறு. ஒரு நல்ல கவிதை எழுதிவிடுவதற்கும் பத்தாண்டுக் காலம் ஓர் இலக்கிய வட்டத்தை நடத்துவதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது என்றால் இந்த அவையில் சிலர் சிரிக்கக்கூடும். ஒற்றைப் பந்தயத்தில் துணிச்சல் போதும். தொடரில் கணக்கு நுழைந்துவிடுகிறது. இன்று இரண்டாவதாக வந்தால் என்ன, எதிராளி வண்டி பழுதானால் என்ன, இன்னும் எத்தனை பந்தயங்கள், எத்தனை புள்ளிகள். ஓட்டுநன் வண்டியை ஓட்டிக்கொண்டே மனத்துக்குள் கணக்கப்பிள்ளை வேலையும் பார்க்கத் தொடங்குகிறான். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. நேற்றைய புள்ளியையும் நாளைய புள்ளியையும் கூட்டிக்கொண்டிருக்கும் மனத்துக்கு, இப்போது முன்னால் வரும் வளைவு தெரிவதில்லை.

உடலின் நிலையையும் ஒருவாறு அறிந்துகொள்வது நல்லது. ஃபார்முலா ஒன் வண்டியில் பந்தயத்தின்போது ஓட்டுநனின் இதயம் நிமிடத்துக்கு 150 முறைக்கு மேல் துடிக்கிறது. பரபரப்பான கட்டங்களில் 170, 180ஐயும் தொடுகிறது. முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்து பிரேக்கை மிதிக்கும்போது உடல் தன் எடையைப்போல் நான்கைந்து மடங்கு கனத்து முன்னே தள்ளப்படுகிறது; மிதிக்கும் காலோ நூறு கிலோவுக்குக் குறையாத விசையைத் தரவேண்டும். வெப்பமான ஊர்களில் ஒரு பந்தயம் முடிவதற்குள் இரண்டு மூன்று கிலோ எடை வியர்வையாகக் கரைந்துவிடுகிறது. இவை எல்லாம் பட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நேர்பவை. பட்டம் கூடுதலாகச் செய்வது வேறு. அச்சம் மிகும்போது மூச்சு மேலோடு நிற்கிறது, தோள் இறுகுகிறது, கைவிரல்கள் சக்கரத்தை வேண்டியதைவிட இறுகப் பற்றுகின்றன. இறுகிய கைக்குச் சாலையின் செய்தி வந்து சேர்வதில்லை. டயர் வழுக்கத் தொடங்குவதை உள்ளங்கையும் இருக்கையும் முன்கூட்டியே சொல்லும்; இறுக்கம் அந்தச் செவியை அடைத்துவிடுகிறது. பார்வையும் குறுகுகிறது. ஆகவேதான் அனுபவமுள்ள ஓட்டுநர்கள் நேர்ப்பாதை வரும்போதெல்லாம் மூச்சை ஆழமாக இழுத்து விடுவதையும், விரல்களை ஒரு கணம் தளர்த்திக்கொள்வதையும் பழக்கமாக வைத்திருக்கிறார்கள். வானொலியில் பேசும் பொறியாளரும் குரலை உயர்த்துவதில்லை. சொற்கள் குறைவு, தொனி ஒரே சீர். பதற்றத்தில் இருப்பவனிடம் ‘பதறாதே’ என்று கூவுவதைப்போல் பயனற்ற செயல் வேறில்லை.

மும்முறை உலகப் பட்டம் வென்ற ஸ்காட்லாந்துக்காரர் ஜாக்கி ஸ்டூவர்ட் இதை அழகாக விளக்கியிருக்கிறார். பந்தயத்துக்கு முன் தம் மனத்தைத் துள்ளும் பந்தாகக் கருதி, அதிலிருந்து காற்றைச் சிறிது சிறிதாக வெளியேற்றிவிடுவாராம். வண்டியில் ஏறும்போது பந்து துள்ளாது. மகிழ்ச்சியும் இராது, அச்சமும் இராது. வீர உணர்வைப் பெருக்கிக்கொண்டு களம் இறங்க வேண்டும் என்று எண்ணுபவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். பரணி பாடி வளர்ந்த மரபில் வந்தவர்களுக்குச் சற்று ஏமாற்றமாகவும் இருக்கலாம். ஆனால் சக்கரத்தின் பின்னால் அமர்ந்திருப்பவனுக்கு உதவுவது பரணியின் உணர்ச்சி அன்று.

பட்டப்போட்டியின் அழுத்தத்தை ஒரே மனிதரிடம் இரண்டு வடிவங்களில் காணவேண்டுமாயின் லூயிஸ் ஹாமில்டனின் முதல் இரண்டு ஆண்டுகளை நோக்க வேண்டும். 2007இல் அவர் ஃபார்முலா ஒன்னுக்குப் புதியவர். வெற்றிக்குப் பத்துப் புள்ளி என்ற கணக்கு நிலவிய காலம் அது. இரண்டே பந்தயங்கள் மீதமிருந்தபோது ஹாமில்டன் 107 புள்ளிகளோடு முன்னணியில் இருந்தார். அலோன்சோவுக்கு 95, ராய்க்கோனெனுக்கு 90. முதல் ஆண்டிலேயே உலகப் பட்டம் என்ற, எவரும் எதிர்பாராத செய்தியை எழுத நாளேடுகள் மையைத் தயாராக வைத்திருந்தன. சீனப் பந்தயத்தில் தடம் ஈரத்திலிருந்து உலர்ந்துகொண்டிருந்தது. ஈரத் தடத்துக்கான டயர்கள் தேய்ந்து நூல் வெளியே தெரியும் நிலைக்கு வந்தன. மாற்றுவதா, இன்னும் சில சுற்று பொறுப்பதா என்று அணி தயங்கியது. பொறுத்தார்கள். கடைசியில் டயர் மாற்ற உள்ளே வரும் வழியில், மெதுவாகத் திரும்ப வேண்டிய அந்த எளிய வளைவில், வண்டி வழுக்கிச் சரளைக் குழியில் இறங்கி நின்றுவிட்டது. எவ்வளவோ வேகமான வளைவுகளை எளிதாகக் கடந்தவர், நடைபாதை வேகத்தில் சிக்கினார். அடுத்த பந்தயம் பிரேசிலில். அங்கே கியர்ப்பெட்டிக் கோளாறால் பின்தங்கி ஏழாவதாக வந்தார். முடிவில் ராய்க்கோனெனுக்கு 110, ஹாமில்டனுக்கும் அலோன்சோவுக்கும் ஆளுக்கு 109.

இதை ஓர் இளைஞனின் பதற்றம் என்று மட்டும் எழுதிவிடுவது எளிது. பலர் அப்படித்தான் எழுதினார்கள். அது முழு நியாயமன்று. அழுத்தம் ஓட்டுநனின் தலைமேல் மட்டும் அமர்வதில்லை. சுவரோரம் திரைகளைப் பார்த்தபடி இருக்கும் பொறியாளர்கள்மேலும் அமர்கிறது. இழந்துவிடக்கூடாது என்ற எண்ணம் மிகும்போது மனிதர்கள் முடிவெடுப்பதையே தள்ளிப்போடுகிறார்கள். தேய்ந்த டயரோடு கழிந்த அந்தச் சில சுற்றுகள் ஒரு கூட்டத்தின் தயக்கம். பழி மட்டும் வண்டிக்குள் இருப்பவனுக்கு வருகிறது.

மறுவருடம், 2008 நவம்பர் 2ஆம் நாள், அதே பிரேசில். இம்முறை எதிராளி பெலிப்பே மாசா. பந்தயம் நடப்பது அவருடைய சொந்த ஊரான சாவோ பாவ்லோவில். ஹாமில்டனுக்கு ஏழு புள்ளி முன்னிலை. மாசா வென்றாலும் ஹாமில்டன் ஐந்தாவதாக வந்தால் போதும். போதும் என்ற இந்தச் சொல்லைப்போல் ஓட்டுநனுக்குத் துன்பம் தருவது வேறில்லை. வெல் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். ஐந்தாவதாக வா என்றால் எவ்வளவு வேகமாக ஓட்டுவது, எவ்வளவு மெதுவாக ஓட்டுவது? மாசா முன்னால் தனியே சென்றுகொண்டிருந்தார். கடைசிச் சுற்றுகளில் மழை வந்தது. முன்னணியில் இருந்த பெரும்பாலோர் ஈர டயர்களுக்கு மாறினார்கள்; டிமோ குளோக் மாறவில்லை. ஓரிரு சுற்றுகளே எஞ்சியிருக்கையில் வெட்டல் என்ற இளைஞர் ஹாமில்டனைக் கடந்துவிட்டார். ஹாமில்டன் ஆறாவது. மாசா கோட்டைக் கடந்து வென்றுவிட்டார். அவருடைய அணியின் கூடத்தில் ஆரவாரம் எழுந்தது. உறவினர் கட்டித் தழுவிக்கொண்டனர். ஏறத்தாழ நாற்பது நொடிகள் மாசா உலகச் சாம்பியனாக இருந்தார். அந்த நாற்பது நொடிக்குள், கடைசிச் சுற்றின் கடைசி வளைவில், உலர் டயரோடு வழுக்கித் தடுமாறிய குளோக்கை ஹாமில்டன் கடந்தார். ஐந்தாவது இடம். 98க்கு 97. அப்போது அவருக்கு வயது 23.

அந்தக் கடைசிச் சுற்றில் ஹாமில்டன் சாகசம் ஏதும் செய்யவில்லை என்பதே கவனிக்க வேண்டியது. வெட்டலைத் துரத்தினார், முடியவில்லை, எனினும் வண்டியைத் தடத்தில் வைத்துக்கொண்டார். முந்திய ஆண்டு சரளையில் சிக்கியவர், இந்த முறை ஈரத்தில் தம் வண்டிக்கு எவ்வளவு பிடிப்பு இருந்ததோ அவ்வளவே ஓட்டினார். முன்னால் இருந்தவர் தளர்ந்தபோது கடக்கும் நிலையில் அவர் இருந்தார். திருவள்ளுவர் காலமறிதலுக்கு ஓர் அதிகாரமும் இடனறிதலுக்கு அடுத்த அதிகாரமும் வைத்த முறைமை இங்கே நினைவுக்கு வரும். தோற்ற மாசாவையும் மறத்தல் ஆகாது. மழையில் நனைந்த மேடையில், தம் ஊரார் முன்னிலையில், நெஞ்சில் கைவைத்துத் தட்டிக்கொண்டு கண்ணீரோடு நின்றார். யாரையும் நோகவில்லை. பட்டம் வென்ற பலரின் படங்கள் மறந்துபோகும். அந்தப் படம் மறக்காது.

பாரம் குறையும்போது நேரும் விபத்துகளும் உண்டு. அயர்ட்டன் சென்னா 1988இல் மொனாக்கோ தகுதிச் சுற்றில் தம் அணித்தோழர் புரோஸ்டைவிட ஏறத்தாழ ஒன்றரை நொடி விரைவாகச் சுற்றி வந்தார். நூறில் ஒரு பங்கு நொடிக்குச் சண்டையிடும் துறையில் அது நம்ப இயலாத இடைவெளி. தாம் உணர்வோடு ஓட்டவில்லை, ஒரு சுரங்கத்துக்குள் செல்வதுபோல் இருந்தது என்று அவர் பின்னர் சொன்னார். கவிஞர்களுக்கு இத்தகைய கூற்றுகள் மிகவும் பிடிக்கும். தன்னை மறந்த நிலையில் பாட்டு வந்தது என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமிதம் இருக்கிறது. ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்லியாக வேண்டும். மறுநாள் பந்தயத்தில் சென்னா ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் முன்னால் இருந்தார். இனி மெதுவாக ஓட்டலாம் என்று அணியினர் சொன்னார்கள். வேகத்தைக் குறைத்தார், கவனம் குலைந்தது, ஒரு சாதாரண வளைவில் தடுப்பில் மோதினார். கூடாரத்துக்குத் திரும்பாமல் அருகிலிருந்த தம் இல்லத்துக்கே சென்றுவிட்டார். வென்றவர் புரோஸ்ட். அவ்வாண்டுப் பட்டம் சென்னாவுக்கே கிடைத்தது என்றாலும், அந்த மதியத்தைப் பற்றி அவர் பலமுறை பேசவேண்டியிருந்தது. அவரைக் காத்து நின்ற அழுத்தம் விலகியதும் நேர்ந்த விபத்து அது.

இன்னொரு வகை உறுதியும் உண்டு. 1976ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் நிக்கி லாடா என்ற ஆஸ்திரியர் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் தீக்கிரையான வண்டியிலிருந்து சக ஓட்டுநர்களால் இழுத்து எடுக்கப்பட்டார். இறுதிச் சடங்கு வரை செய்யப்பட்ட நிலை. ஆறே வாரங்களில், ஆறாத புண்களோடு, இத்தாலியப் பந்தயத்தில் ஓட்டி நான்காவதாக வந்தார். அக்டோபர் 24 அன்று ஜப்பானில் கடைசிப் பந்தயம். ஜேம்ஸ் ஹண்டைவிட மூன்று புள்ளி முன்னால் இருந்தார் லாடா. பெருமழை, தடத்தில் நீர் ஓடுகிறது, முன்னால் செல்லும் வண்டி கண்ணுக்குத் தெரியாது. இரண்டு சுற்றுகள் ஓட்டிய லாடா வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி இறங்கிவிட்டார். எஞ்சின் பழுது என்று சொல்லிவிடலாம் என்று அணியின் பொறியாளர் முன்வந்தபோது அவர் மறுத்துவிட்டார். ஹண்ட் மூன்றாவதாக வந்து 69க்கு 68 என்ற கணக்கில் பட்டம் வென்றார். இத்தாலிய நாளேடுகள் லாடாவைக் கோழை என்று எழுதின. அவர் மறுவருடமே பட்டத்தை வென்றார். பின்னர் 1984இல் மீண்டும் வென்றபோது அவருக்கும் அடுத்தவருக்கும் இருந்த வேறுபாடு அரைப் புள்ளி.

ஐப்பசி மழையில் மூடுபனி இறங்கி, எதிரே வரும் வண்டியின் விளக்கே தெரியாதபோது, ஏலமலைச் சரிவில் ஜீப்பை ஓரங்கட்டி நிறுத்தும் ஓட்டுநன் லாடாவின் முடிவைப் புரிந்துகொள்வான். ஆனால் அவ்விருவரையும் ஒரே தட்டில் வைத்துவிடுவது நேர்மையாகாது. பந்தயவீரன் தேர்ந்துகொண்டு ஏறுகிறான். அவனைச் சுற்றிக் கரிநார்க் கூடும் மருத்துவர்களும் தீயணைப்போரும் உண்டு. ஜீப் ஓட்டுபவனுக்கு நேரத்துக்குத் தோட்டம் சேராவிட்டால் பின்னால் அமர்ந்திருப்பவர்களின் அன்றையக் கூலி போய்விடும் என்ற அழுத்தம். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதால் வந்த அழுத்தம். மாலையில் களைத்த பிரேக்கோடு அதே 17 வளைவுகளையும் இறங்க வேண்டிய அழுத்தம். அவனுக்குப் புள்ளிப் பட்டியல் இல்லை. அவன் தோற்றால் மறுநாள் நாளேட்டில் நான்கு வரியாக வருகிறது. ஏலம் என்ற காய்க்கும் ஏலம் என்ற விற்பனைக்கும் பெயர் ஒன்றாகவே இருக்கும் இந்த ஊரில், ஏலக்கூடத்தில் அமர்ந்து ஒரு கிலோவுக்கு ஓரிரு ரூபாய் ஏற்றுவதா விடுவதா என்று கணத்தில் முடிவெடுக்கும் வணிகருக்கும் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். ஆனால் அந்தக் காய் மலையிலிருந்து இறங்கி வந்த வழியில் இருந்த படபடப்பு வேறு.

மீண்டும் நரேனிடம் வருவோம். அவருடைய வாழ்வில் வளைவுகளைவிடக் கடுமையான அழுத்தம் பணத்தின் வடிவில் வந்தது. இங்கிலாந்தின் ஃபார்முலா மூன்று தொடரில் 1999இல் பிராண்ட்ஸ் ஹாட்ச் தடத்தில் வென்றார். 2000இல் அத்தொடரில் நான்காம் இடம். அதே ஆண்டு கொரியாவின் சூப்பர் பிரி பந்தயத்தில் வெற்றி. 2001 சூன் 14 அன்று சில்வர்ஸ்டோனில் ஜாகுவார் அணியின் வண்டியை ஓட்டி, ஃபார்முலா ஒன் வண்டியில் சோதனை ஓட்டம் செய்த முதல் இந்தியர் ஆனார். ஆனால் சோதனைக்கும் இடத்துக்கும் இடையே பல கோடி ரூபாய் நின்றது. 2004ஆம் ஆண்டுக்கு மினார்டி அணியில் ஓட்ட வாய்ப்பு வந்தும், வேண்டிய பணம் திரளாததால் நழுவியது. கிரிக்கெட்டைத் தவிர வேறொன்றுக்கும் பணம் எளிதில் வராத நாட்டில், ஒவ்வொரு பந்தயமும் அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பமாக இருந்தது. தவறினால் ஒரு பந்தயத்தை மட்டும் இழப்பதில்லை; கனவையே இழக்க நேரும். இந்த அழுத்தத்தில் ஓட்டியவர்களை, ஊதியம் உறுதியாக உள்ளவர்களோடு கடிகாரத்தை மட்டும் வைத்து ஒப்பிடுவது சரியன்று. இதை நம் விளையாட்டு எழுத்தாளர்கள் போதிய அளவு எழுதவில்லை.

2005இல் ஜோர்டன் அணியில் இடம் கிடைத்தது. அவ்வாண்டு சூன் 19இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிசில் நடந்தது ஒரு விசித்திரப் பந்தயம். மிஷெலின் டயர் பொருத்திய 14 வண்டிகள், டயர்கள் தாங்கா என்ற அச்சத்தால் தொடக்கக் கோட்டுக்கு வராமலேயே விலகிவிட்டன. எஞ்சியவை ஆறு. பார்வையாளர்கள் கூச்சலிட்டனர்; தடத்தில் புட்டிகளை எறிந்தனர். அந்த ஆறில் ஒருவர் நரேன். பெருமை பேசிக்கொள்ள ஏற்ற நாள் அன்று அது. ஆனால் அந்த ஏளனத்துக்கு நடுவே 73 சுற்றுகளைத் தவறின்றி முடிக்க வேண்டும். முன்னிரு இடங்கள் ஃபெராரிக்கு என்பது உறுதியான நிலையில், மூன்றாம் இடத்துக்காகத் தம் அணித்தோழர் மொன்டெய்ரோவோடு போட்டியிட வேண்டும். மேடை ஏறும் அந்த இடம் மொன்டெய்ரோவுக்குப் போயிற்று. நரேன் நான்காவது, ஐந்து புள்ளிகள். ஃபார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் புள்ளிகள் அவை. ஆறு பேரில் நான்காவது தானே என்று இகழ்ந்தவர்கள் உண்டு. அந்த இகழ்ச்சியையும் அவர் அழுத்தக்காரராகவே தாங்கிக்கொண்டார்.

அழுத்தக்காரனாக இருப்பதுதான் ஒரே வழியா என்பது இன்று மறுபரிசீலனைக்கு வந்திருக்கிறது. 2025ஆம் ஆண்டு உலகப் பட்டத்தை வென்ற லாண்டோ நோரிஸ், தொடக்க ஆண்டுகளில் தமக்கிருந்த ஐயங்களையும் மனச்சோர்வையும் வெளிப்படையாகப் பேசிவந்தவர். இப்படிப் பேசுபவன் பட்டம் வெல்ல மாட்டான் என்று பழைய பள்ளியைச் சேர்ந்தவர்கள் சொன்னார்கள். வெர்ஸ்டாப்பெனைவிட இரண்டே புள்ளிகள் கூடுதலாகப் பெற்று வென்றார். கடைசிப் பந்தயத்தில் அவருக்குத் தேவைப்பட்டது மூன்றாம் இடம், மூன்றாவதாகவே வந்தார்.

அகநானூற்றின் நான்காம் பாடலில் குறுங்குடி மருதனார் காட்டும் தலைவனும் காலக்கெடுவில் வருகிறவன்தான். கார் வந்துவிட்டது, அவள் காத்திருக்கிறாள். ஆயினும் வழியோரப் பொழிலில் தேனுண்ணும் வண்டுகள் தன் தேரின் மணியோசையால் கலங்கிவிடும் என்று அஞ்சி, மணியின் நாவை இழுத்துக் கட்டிவிட்டு வருகிறான். காதலின் மென்மைக்கும் உயிர்களிடத்து அருளுக்கும் சான்றாக உரையாசிரியர்கள் இதைப் பாராட்டுவர். அந்த நயங்களோடு, தேர் செலுத்துபவர்களின் கண்கொண்டும் இதைப் படிக்கலாம். விரைவு உச்சத்தில் இருக்கும்போது சாலையோரத்து வண்டு தெரிகிறது. அவன் பார்வை குறுகிவிடவில்லை.

2011 அக்டோபர் 30 அன்று தில்லியை அடுத்த நொய்டாப் பெருநகரில் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது. அவ்வாண்டின் இடையில் தம் இருக்கையை இளம் ஆஸ்திரேலியர் ஒருவருக்கு இழந்திருந்த நரேனுக்கு, சொந்த நாட்டுப் பந்தயத்துக்காக மட்டும் மீண்டும் அந்த அணியில் இடம் தரப்பட்டது. வண்டியோ களத்திலேயே மிக மெதுவானவற்றுள் ஒன்று. வெல்லும் வாய்ப்பு இல்லை. புள்ளி பெறும் வாய்ப்பும் இல்லை. அரங்கு நிறைந்த மக்கள் அவர் பெயரைச் சொல்லி ஆரவாரித்தார்கள். வென்றவரைவிடச் சில சுற்றுகள் பின்தங்கி, 17ஆவதாக வந்தார். அவருக்கு அடுத்து, 18ஆவதாக, அதே அணியின் இன்னொரு வண்டியில் வந்தவர் அவருடைய இருக்கையைப் பெற்றிருந்த அந்த இளைஞர். டேனியல் ரிக்கியார்டோ என்ற அவர் பின்னாளில் எட்டு ஃபார்முலா ஒன் பந்தயங்களை வென்றார்.